ஒன்றாய், வேறாய், உடனாய்: கூடி ஆடும் ஆட்டத்தில் தன்னுரிமை

பலர் சேர்ந்து வேடம் ஏற்று ஒரு கதையை நடத்தும்போது, ஒருவர் தம் விருப்பப்படி எவ்வளவு தூரம் போகலாம், மற்றவர்களுக்காக எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்வி எழுகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இது ஆட்ட விதியைப் பற்றியது. உள்ளே இறங்கினால், சமயமும் தத்துவமும் காலங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி இதுவே என்பது தெரியும்: தனி உயிருக்கு உரிமை எவ்வளவு, அது சார்ந்து நிற்கும் கூட்டத்துக்குக் கடன் எவ்வளவு? கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் இக்கேள்வி ஏட்டோடு நிற்காமல் களத்திலும் கேட்கப்பட்டு வந்திருக்கிறது. விடிய விடிய நடக்கும் தெருக்கூத்து, ஊரே பங்கேற்கும் பாரத விழா, கூவாகத்துக் கூத்தாண்டவர் திருவிழா, முதலாழ்வார் மூவரும் சந்தித்த திருக்கோவிலூர், அருகே மெய்கண்டார் வாழ்ந்த திருவெண்ணெய்நல்லூர் எனப் பழைய நடுநாட்டின் இப்பகுதியில் அதற்கான சான்றுகள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன.

மேசையைச் சுற்றி

வேடம் ஏற்றுக் கூடி ஆடுவதற்கு இக்காலத்தில் உலகெங்கும் பரவியுள்ள ஒரு வடிவம், மேசையில் ஆடும் பாத்திர விளையாட்டு. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கி வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இதற்கு முன்னோடி. நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒவ்வொருவரும் வீரன், மந்திரவாதி, திருடன் என ஒரு பாத்திரத்தை உருவாக்கி, அதன் வலிமையையும் திறமையையும் எண்களாக ஒரு தாளில் குறித்துக்கொள்வார். ஒருவர் மட்டும் நடத்துநர். அவர் காட்டையும் கோட்டையையும் எதிரிகளையும் சொல்லால் கண்முன் நிறுத்துவார். தம் பாத்திரம் என்ன செய்கிறது என்பதை மற்றவர்கள் சொல்வார்கள். முடியுமா முடியாதா என்ற ஐயம் வந்தால் இருபது முகக் காய் உருளும். விழும் எண் தீர்ப்புச் சொல்லும். சதுரங்கத்தைப் போல இன்ன காய் இப்படித்தான் நகரும் என்ற வரையறை இங்கே இல்லை. சொல்ல முடிந்த எதையும் செய்யப் பார்க்கலாம். அந்த எல்லையின்மைதான் இதன் கவர்ச்சி. சிக்கலும் அங்கிருந்தே தொடங்குகிறது.

சிக்கல் மூன்று பக்கங்களிலிருந்து வருகிறது. முதலாவது, தனி ஆட்டக்காரரிடமிருந்து. தோழர்கள் உறங்கும்போது ஒருவரின் பாத்திரம் அவர்கள் பையிலிருந்தே பொருளைத் திருடுகிறது. ஏன் என்று கேட்டால், “என் பாத்திரம் திருடன், திருடன் அப்படித்தான் செய்வான்” என்று பதில் வருகிறது. இரண்டாவது, நடத்துநரிடமிருந்து. கதை எங்கே போய் முடிய வேண்டும் என்பதை அவர் முன்பே முடிவுசெய்து, எந்தக் கதவைத் திறந்தாலும் ஒரே அறைக்குள் கொண்டுபோய் விடுகிறார். மூன்றாவது, கூட்டத்திடமிருந்து. குரல் ஓங்கிய இருவர் சொல்வதே கூட்டத்தின் முடிவாகிறது; வாய் திறக்காதவர் கூட்டத்தோடு கோவிந்தா போடுகிறார். மூன்றிலும் ஆட்டம் நடந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் அது எல்லாருடைய ஆட்டமாக இராது.

கட்டுப்பாடு இருந்தால் உரிமை குறையும் என்பது பொதுவான எண்ணம். ஆட்டத்தில் அது அப்படியே பொருந்துவதில்லை. விளையாட்டு என்பது தேவையில்லாத தடைகளை மனமுவந்து ஏற்று அவற்றைக் கடக்க முயல்வது என்று தத்துவ அறிஞர் பெர்னார்ட் சூட்ஸ் 1978இல் வெளியான தம் நூலில் வரையறுத்தார். சடுகுடுவே இதற்குப் போதிய சான்று. பாடிப் போகிறவர் மூச்சை விடக்கூடாது என்ற விதியை எடுத்துவிட்டால் அவருக்குச் சுதந்திரம் கூடிவிடாது, ஆட்டமே மறைந்துவிடும். ஒற்றை மூச்சில் எதிராளி களத்துக்குள் தனியே நுழையும் துணிவு, அந்தக் கட்டு இருப்பதால்தான் பிறக்கிறது. ஆகவே கேட்க வேண்டியது கட்டு இருக்கலாமா என்பதல்ல. எந்தக் கட்டு ஆட்டக்காரரை வளர்க்கிறது, எது அவரை நசுக்குகிறது என்பதே கேள்வி.

கூத்துக் களரி

இக்கேள்வியை நூற்றாண்டுகளாகத் தன் உடலாலும் குரலாலும் கையாண்டு வந்த கலை தெருக்கூத்து. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை, காஞ்சிபுரம் வட்டாரங்களில் இன்றும் அது வழிபாட்டோடு பிணைந்திருக்கிறது. ஜமா எனப்படும் கூத்துக் குழுவில் வாத்தியார், வேடம் கட்டுவோர், பின்பாட்டுக்காரர், மத்தளம், தாளம், ஆர்மோனியம், முகவீணை வாசிப்போர் என ஒவ்வொருவருக்கும் ஓரிடம் உண்டு. கதை எல்லாருக்கும் தெரிந்தது. கர்ணன் இறப்பான், அபிமன்யு மீளமாட்டான் என்பது முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சிறுவனுக்கும் தெரியும். கதையின் முடிவை மாற்றும் உரிமை எந்த நடிகருக்கும் இல்லை. ஆயினும் அந்த முடிவுக்குப் போகும் வழி முழுவதும் அவர் கையில் இருக்கிறது. விருத்தத்தை எவ்வளவு நீட்டுவது, தரு என்னும் பாட்டின் எந்த அடியில் கிறுகிறுவென்று சுற்றி வருவது, வசனத்தில் எதைச் சேர்ப்பது என்பதை அன்றைய இரவும் அன்றைய சபையும் பார்த்து அவரே முடிவுசெய்கிறார்.

அந்த உரிமையைத் தாங்கி நிற்பது பின்பாட்டு. நடிகர் ஓரடி பாடியதும் பின்னால் இருப்பவர்கள் அதை வாங்கிப் பாடுகிறார்கள். அந்த இடைவெளியில் அவர் மூச்சு வாங்குகிறார், ஆடுகிறார், அடுத்த அடியை நினைக்கிறார். மத்தளக்காரர் நடிகரின் காலைப் பார்த்து அடிக்கிறார். நடிகர் மத்தளத்தைக் கேட்டுக் காலை வைக்கிறார். இதில் யார் யாரைப் பின்தொடர்கிறார் என்று பிரித்துச் சொல்வது கடினம். ஒருவர் அளவுக்கு மீறித் தம் காட்சியை நீட்டினால் இன்னொருவரின் காட்சி சுருங்கும். விடிவதற்குள் முடிய வேண்டிய கதை முடியாது. விடியற்காலை என்ற எல்லை எல்லாருக்கும் பொது. அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு ஆடத் தெரிந்தவரே தேர்ந்த கூத்தர்.

கட்டியங்காரனுக்கு உள்ள உரிமை தனி. அரசன் வருகிறான் என்று கட்டியம் கூறுபவனும், வாயிற்காவலனும், தூதனும் அவனே. துரியோதனன் முன் பணிந்து நிற்பவன், அடுத்த நொடி சபை பக்கம் திரும்பி ஊர் நடப்பைப் பேசுவான். அரசனின் ஆணவத்தைக் கேலி செய்வான். ஆட்டத்துக்கு உள்ளே நின்றபடியே வெளியிலிருந்தும் பேசத் தெரிந்த குரல் அது. மேசை ஆட்டத்தில் நடத்துநரிடம் குவிந்துவிடும் அதிகாரத்தைக் கூத்து இப்படிப் பிரித்து வைத்திருக்கிறது. கதையை நடத்துவது வாத்தியார். கேள்வி கேட்பது கட்டியங்காரன்.

“என் பாத்திரம் அப்படித்தான்” என்ற சாக்குக்கும் கூத்தில் ஒரு மறுமொழி உண்டு. திரௌபதியின் துகிலை உரியும் காட்சிக்கு முன், துச்சாதனன் வேடம் கட்டியவர் கற்பூரம் ஏற்றி அம்மனை வணங்கி மன்னிப்புக் கேட்பது வழக்கம். செயல் துச்சாதனனுடையது. ஆனால் கை தம்முடையது என்பதை அவர் மறக்கவில்லை. வேடம் ஒருவருக்குப் பேச்சைத் தரும், நடையைத் தரும், கோபத்தைக்கூடத் தரும். பொறுப்பிலிருந்து விடுதலை தராது. வேடம் தானாக வந்து ஒருவர் மேல் ஏறவில்லை. அவர்தான் அதை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

காப்பும் கேள்வியும்

திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் பாரத விழாவில் ஆட்டக்களம் ஊர் அளவுக்கு விரிகிறது. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. அருச்சுனன் தபசன்று வேடம் கட்டியவர் உயரமான தபசு மரத்தில் ஏறுகிறார். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் கீழே காத்திருக்கிறார்கள். படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனன் உரு தரையில் நீண்டு கிடக்கிறது. அவன் தொடையில் பீமன் அடிக்கிறான். திரௌபதி கூந்தல் முடிகிறாள். பின்னர் தீமிதி. இந்த நாட்களில் பார்ப்பவர் யார், ஆடுபவர் யார் என்ற பிரிவு மங்கிவிடுகிறது.

இவ்வளவு பெரிய கூட்டாட்டம் ஒரு சிறு நூலில் தொடங்குகிறது. அது காப்பு. மஞ்சள் நூலைக் கையில் கட்டிக்கொள்கிறவர் விரதத்தை ஏற்கிறார். காப்பு கட்டியபின் சில செயல்கள் கூடாது, ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது என்ற வழக்கங்கள் உண்டு. விழா முடிந்ததும் காப்பு அவிழ்க்கப்படுகிறது. கட்டிக்கொள்ளும் கணமும் அவிழ்க்கும் கணமும் தெளிவாக இருப்பதால், இடையில் உள்ள கட்டு அடிமைத்தனமாக மாறுவதில்லை. மேசை ஆட்டக்காரர்களும் காலப்போக்கில் இதே உண்மையைக் கண்டுகொண்டார்கள். கதை தொடங்கும் முன்பே ஒரு நாள் கூடி, எதை ஆடலாம், எது யாரைப் புண்படுத்தும், எங்கே நிறுத்த வேண்டும் என்று பேசிக்கொள்வது இன்று அவர்களிடையே பரவலான பழக்கம். அதுவும் ஒரு காப்புக் கட்டுதான்.

பாரதக் கதையின் நடுவிலேயே கெட்டுப்போன ஓர் ஆட்டம் இருக்கிறது. அது அத்தினாபுரத்துச் சூது. அழைத்தால் மறுப்பதில்லை என்ற தன் விரதத்தாலும் திருதராட்டிரனின் அழைப்பாலும் கட்டுண்டு தருமன் ஆட அமர்கிறான். மறுக்க முடியாமல் ஆடும் ஆட்டத்தில் ஆட்டத்தன்மை முதலிலேயே போய்விடுகிறது. நாட்டையும் தம்பியரையும் தன்னையும் இழந்தபின் அவன் மனைவியைப் பணயம் வைக்கிறான். அப்போது திரௌபதி ஒரு கேள்வி எழுப்புகிறாள்: அவன் தன்னை இழந்தது முன்பா, என்னைப் பணயம் வைத்தது முன்பா? தன்னையே இழந்தவனுக்கு இன்னொருவரை வைத்து ஆட உரிமை ஏது? ஒருவர் சார்பில் மற்றொருவர் எதைச் செய்யலாம் என்பது பற்றிக் காவியத்தில் எழும் ஆழமான கேள்விகளில் இது ஒன்று. தருமத்தின் போக்கு நுட்பமானது என்று சொல்லிப் பீஷ்மர் நின்றுவிடுகிறார். துரியோதனன் தம்பியருள் விகர்ணன் மட்டும் எழுந்து அவள் பக்கம் நியாயம் இருப்பதாகச் சொல்கிறான். அவனைக் கர்ணன் அடக்குகிறான்.

அன்று தவறியது ஒரு தனி மனிதர் மட்டும் இல்லை, சபை தவறியது. வெளிப்பார்வைக்கு விதிகளெல்லாம் சரியாகவே இருந்தன, காய் உருண்டது, எண் விழுந்தது. கூட்டத்தில் ஒருவர் “இது முறையா” என்று கேட்கும்போது ஆட்டத்தை நிறுத்தி விடை சொல்லும் கடமை மட்டும் மறக்கப்பட்டது. கூட்டத்தின் ஒழுங்கு என்ற பெயரில் அந்தக் கேள்வியை விழுங்கிவிடும் எந்த அவையும் அந்தச் சபையின் வழியில்தான் நடக்கிறது. ஆண்டுதோறும் அக்காட்சியைக் கூத்தாக ஆடும் ஊர்கள், விடை கிடைக்காத அக்கேள்வியை ஒவ்வொரு தலைமுறையின் காதிலும் போட்டு வைக்கின்றன.

அரவானின் சம்மதம்

உளுந்தூர்பேட்டை வட்டத்தில் உள்ள கூவாகத்தில் சித்திரை மாதம் நடக்கும் கூத்தாண்டவர் திருவிழா இக்கேள்வியை இன்னும் கூர்மையாக்குகிறது. விழாவின் பின்னுள்ள கதைப்படி, பாரதப் போரில் பாண்டவர் வெற்றி பெற முப்பத்திரண்டு இலட்சணமும் அமைந்த ஒருவர் களப்பலியாக வேண்டும். அப்படிப்பட்டவர் கண்ணன், அருச்சுனன், அவன் மகன் அரவான் ஆகிய மூவரே. அரவான் இசைகிறான். சாவதற்கு முன் மணம் செய்துகொள்ள வேண்டும் என்கிறான். கண்ணன் மோகினியாகி அவனை மணக்கிறான். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வரும் திருநங்கைகள் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு அரவானின் மனைவியர் ஆகிறார்கள். மறுநாள் பந்தலடியில் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவை உடுத்துகிறார்கள்.

கூட்டத்துக்காகத் தனி ஒருவர் தம்மைக் கொடுக்கலாமா என்பதற்குக் கதை எளிய விடை தரவில்லை. அரவானைப் பிடித்து இழுத்துவந்து வெட்டியிருந்தால் அது கொலை. அதனால்தான் அவன் சம்மதத்துக்குக் கதை இவ்வளவு இடம் கொடுக்கிறது. அவன் கேட்ட வரத்தைக் கண்ணனே தன் உருவத்தை மாற்றி நிறைவேற்ற வேண்டியிருக்கிறது. இருந்தும், தந்தையும் தெய்வமும் ஒரு படையும் எதிரே நிற்க இளைஞன் ஒருவன் சொல்லும் ‘சரி’ முழுச் சம்மதமா என்ற ஐயம் மறைவதில்லை. அந்த ஐயத்துக்குத் திருவிழாவின் விடை அழுகை. வெற்றியைக் கொண்டாடும் முன் வெற்றிக்கு விலையானவனுக்காக அங்கே ஒப்பாரி வைக்கிறார்கள். ஒருவர் விட்டுக்கொடுத்ததைப் பெற்றுக்கொண்ட கூட்டம் அதை இயல்பான ஒன்றாக எடுத்துக்கொள்ளாமல், கடனாக நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பது அந்த அழுகையின் பொருள்.

அரவானின் திருவுருவமும் ஒரே ஊரின் உடைமையாக இல்லை. சுற்றியுள்ள ஊர்கள் வெவ்வேறு பாகங்களைக் கொண்டுவர, அவை சேர்ந்துதான் தேரில் உரு முழுமையாகிறது. ஓர் ஊர் வராவிட்டால் உடல் நிறையாது. ஒத்துழைப்புக்கு இதைவிட நேரான உருவகம் காண்பது அரிது.

அங்கே கூடும் திருநங்கைகளுக்கு இது வேடம் கட்டும் நிகழ்ச்சி இல்லை. மற்ற நாட்களில் மறைத்துவைக்க நேர்ந்த தம்மை வெளிப்படுத்தி வாழும் நாள் அது. தமிழ்நாடு அரசு 2008இல் திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்தது. ஒருவர் தம் பாலினத்தைத் தாமே அறுதியிட்டுக்கொள்ளும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று உறுதிசெய்தது. சட்டம் அதைச் சொல்வதற்கு முன்பே, ஒரு கூட்டுச் சடங்கு தன் கதைக்குள் அவர்களுக்கு இடம் வைத்திருந்தது. கூட்டம் எப்போதும் தனி ஆளின் உரிமையைக் குறைக்கும் என்பதற்கு இது எதிர்ச்சான்று. தனியே பெற முடியாத ஓர் உரிமையைச் சில நேரங்களில் கூட்டம்தான் கொடுக்கிறது.

மலையிலிருந்து ஓர் எச்சரிக்கை

ஒத்துழைப்பு என்ற சொல்லை எச்சரிக்கையோடு கையாள வேண்டும் என்பதைக் கல்வராயன் மலையின் வரலாறு நினைவூட்டுகிறது. கோமுகி ஆறு பிறக்கும் இம்மலையில் வாழும் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர் தமிழ் பேசுபவர்கள். 1976இல் அரசு ஏற்கும்வரை மலை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. மேலே இருப்பவர் ஏவ, கீழே இருப்பவர்கள் சேர்ந்து உழைப்பதும் வெளியிலிருந்து பார்த்தால் கூட்டு முயற்சியாகவே தெரியும். மறுப்பதற்கு வழி இருந்ததா என்று கேட்டால்தான் ஏவலுக்கும் கூட்டு முயற்சிக்கும் உள்ள வேறுபாடு தெரியும். ‘மாட்டேன்’ என்று சொல்ல முடிந்தவரின் ‘சரி’ மட்டுமே ஒத்துழைப்பாகும். மேசையிலும் இதே அளவுகோல்தான்.

சித்தாந்தம் தரும் சொல்

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் பன்னிரண்டு நூற்பாக்களால் ஆனது. இறைவனுக்கும் உயிருக்கும் உள்ள உறவை விளக்கச் சைவ சித்தாந்தம் கையாளும் முறை, தனி ஆளையும் கூட்டத்தையும் பற்றி எண்ணவும் உதவுகிறது. அத்துவிதம் என்ற சொல்லுக்கு இரண்டும் ஒரே பொருள் என்று சித்தாந்திகள் பொருள் கொள்ளவில்லை. பொருள்கள் இரண்டாக இருந்தும் பிரிந்து நில்லாத நிலை என்று கொண்டார்கள். அதையே ஒன்றாய், வேறாய், உடனாய் என மூன்றாக விரித்தார்கள். உடலும் உயிரும்போலக் கலந்திருப்பதால் ஒன்று. கண்ணும் கதிரவனும்போல வெவ்வேறு பொருள்களாக இருப்பதால் வேறு. கண்ணொளியோடு உயிரின் அறிவு சேர்ந்து நின்றால்தான் காட்சி பிறப்பதுபோல, கூட நின்று செயல்படுவதால் உடன்.

உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்புடையது என்பதும் அச்சமயத்தின் கொள்கை. பளிங்கு தன்னருகே வைத்த பொருளின் நிறத்தைக் காட்டும். ஆனால் அந்த நிறமாகவே மாறிவிடாது. வேடம் ஏற்பவரின் நிலையை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் உவமை வேறு கிடைப்பது கடினம். துச்சாதனனைச் சார்ந்து அவர் சிவக்கிறார். அரிதாரத்தைக் கலைத்தபின் தாமாகவே இருக்கிறார்.

ஆட்டத்துக்கு இம்மூன்றையும் பொருத்திப் பார்க்கலாம். ஆட்டக்காரர்கள் ஒன்றாக இருக்கிறார்கள்: கதை ஒன்று, விடியற்காலை ஒன்று, ஒருவரின் பிழை எல்லாரையும் தொடும். வேறாகவும் இருக்கிறார்கள்: அவரவர் பாத்திரத்துக்கு அவரவரே முடிவெடுக்க வேண்டும், நடத்துநரோ உரத்த குரலோ அதைப் பறிக்கக்கூடாது. உடனாகவும் இருக்கிறார்கள்: பின்பாட்டுப்போல ஒருவர் முயலும்போது மற்றவர் வாங்கிப் பாட வேண்டும். ஒன்றாதல் மட்டும் இருந்தால் அது மந்தை. வேறாதல் மட்டும் இருந்தால் ஒரே மேசையில் நான்கு தனி ஆட்டங்கள். உடனாதல் சேரும்போதுதான் முதலிரண்டும் ஒன்றையொன்று அழிக்காமல் நிற்கின்றன. உரிமையா ஒத்துழைப்பா என்ற இழுபறியில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்த மூன்றாவது சொல்தான்.

இந்த ஒப்புமைக்கு ஓர் எல்லையும் உண்டு. சித்தாந்தத்தில் உயிர் சார்ந்து நிற்பது பதி எனப்படும் குற்றமற்ற இறைவனை. மனிதக் கூட்டம் பதி அன்று. அதில் உள்ள எல்லாரும் ஆணவத்தால் கட்டுண்ட பசுக்களே, அதாவது உயிர்களே. எனவே கூட்டத்தின் சொல்லைத் தெய்வ வாக்காக எவரும் கொள்ள வேண்டியதில்லை. அத்தினாபுரத்துச் சபையைப் போல அதுவும் தவறக்கூடும். கட்டியங்காரனின் கேலியும் திரௌபதியின் கேள்வியும் காப்பை அவிழ்க்கும் நாளும் கூட்டத்துக்கு எப்போதும் தேவைப்படுவது இதனால்தான்.

இடைகழி

கூடி இருத்தல் எப்படி இருக்கும் என்பதற்குத் திருக்கோவிலூர் ஒரு காட்சியைத் தருகிறது. மழை இரவில் பொய்கையாழ்வார் ஒரு குறுகிய இடைகழியில் ஒதுங்கிப் படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்தார். ஒருவர் படுக்கும் இடத்தில் இருவர் உட்காரலாம் என்று முன்னவர் எழுந்து அமர்ந்தார். பேயாழ்வார் வந்தார். இருவர் உட்காரும் இடத்தில் மூவர் நிற்கலாம் என்று மூவரும் நின்றார்கள். இருட்டில் நான்காவதாக ஒருவர் நெருக்குவதை உணர்ந்தார்கள். ஒருவர் உலகையே விளக்காக்கிப் பாடினார். இன்னொருவர் அன்பையே விளக்காக்கிப் பாடினார். அந்த வெளிச்சத்தில் திருமாலைக் கண்டு மூன்றாமவர் பாடினார் என்பது வைணவ மரபு.

மூவரும் சேர்ந்து ஒரே பாட்டைப் பாடவில்லை. முதல், இரண்டாம், மூன்றாம் திருவந்தாதி என நூறு நூறு வெண்பாக்கள் அவரவருடையவை, குரலும் தனித்தனி. ஆயினும் முன்னிருவர் ஏற்றிய விளக்கில்லாமல் மூன்றாமவருக்குக் காட்சி இல்லை. விட்டுக்கொடுத்ததும் அளவோடுதான். படுக்கை போயிற்று, இருக்கை போயிற்று. நிற்கும் இடம் ஒவ்வொருவருக்கும் மிஞ்சியது. யாரும் வெளியே தள்ளப்படவில்லை. கூடி ஆடும் எந்த ஆட்டத்திலும் ஒருவர் மற்றவருக்குக் கொடுக்க வேண்டியதும், தமக்கென விடாமல் வைத்துக்கொள்ள வேண்டியதும் அந்த இடைகழியின் அளவே: மற்றவர் நிற்க இடம், தாம் நின்று பாட இடம்.